வாயாடி வயல்

என் புருஷன் சோலைராஜுக்கு வெளியே ஒரு தொடுப்பு இருக்கிறது என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நேரே போய் ஒரு கை பார்த்திருப்பேன். ஆனால் அந்த மனுஷன் போய் விழுந்து கிடந்தது ஒரு வயலிடம். அதுவும் எங்கள் சொந்த வயல். ஒரு ஏக்கர் தட்டைப்பயறை விளக்குமாற்றால் எங்கே என்று பார்த்து அடிப்பது?

விடிந்ததும் ஒரு சொம்பு பழைய சோற்று நீத்தண்ணியைக் குடித்துவிட்டு வரப்புக்குப் போய்விடுவார். பேசுவார். வயலும் பதில் பேசும். இவர் ஏதாவது சொன்னால் "அடப் போய்யா!" என்று சிரிக்கும். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் தூக்குவாளியை வாங்கி வைத்துக்கொண்டு, நான் எப்போது நகர்வேன் என்று பார்ப்பார். அடுப்படியில் உட்கார்ந்து நான் எவ்வளவு வயிறெரிந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இவருடைய வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் கல்லுப்பொட்டலில் இவரைத் தூரத்தில் கண்டாலே டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். பஸ்ஸில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தங்கள் ஊர் வருவதற்கு முன்பே இறங்கி நடந்திருக்கிறார்கள். திருப்பூரில் வாக்கப்பட்டிருக்கும் எங்கள் மகள், "அப்பா, சிக்னல் இல்லப்பா" என்று தெளிவாகக் கேட்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். கல்யாணமான புதிதில் நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பிறகு "உம்" கொட்டினேன். பிறகு, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று எழுந்து போகப் பழகிக்கொண்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மாடு தண்ணீர் குடிக்கும்? அதை அவர் கேட்டதே இல்லை.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் பேசுகிற விதை வந்து சேர்ந்தது.

ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஜெயசீலி என்று ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நாற்பது வயது தாண்டியவர், கலகலப்பானவர். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்து, ஒரு தட்டைப்பயறுச் செடியை வேரோடு தூக்கிக் காட்டினார்.

"இந்த வேர்ல குட்டிக் குட்டியா முடிச்சு இருக்கு பாருங்க. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கு. காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கும். யூரியா மூட்டை செய்யிற வேலையை இது சத்தமில்லாமச் செய்யும்."

"அது தெரிஞ்சதுதானே டாக்டரம்மா. புதுசு என்ன?" என்றான் காசிமாயன். என் புருஷனுக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். ஊரில் டிராக்டரும் அறுப்பு மிஷினும் அவனிடம்தான் இருக்கின்றன.

"புதுசு என்னன்னா, அந்தக் கிருமியை நாங்க கொஞ்சம் மாத்தி விதையில பூசியிருக்கோம். ஒரு முடிச்சு இன்னொரு முடிச்சுக்குத் துளி மின்சாரத்துல சேதி சொல்லும். ஒரு ஏக்கர்ல எத்தனை கோடி முடிச்சு இருக்கும்? அம்புட்டும் ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல ஆரம்பிச்சா..."

"ஆரம்பிச்சா?"

"அங்க ஏதோ ஒண்ணு இருக்கு. அதைப் புத்தின்னு சொல்ல எங்க பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. நீங்க எப்படி வேணாலும் வச்சுக்கங்க."

பிறகு ஒரு குச்சியைக் காட்டினார். இடுப்புயரம் இருக்கும். கீழே கூர்முனை, மேலே வெயில் வாங்குகிற தகடு, நடுவில் சின்ன ஸ்பீக்கர். மண்ணில் குத்தி வைத்தால் முடிச்சுகள் அனுப்புகிற சேதியைப் பேச்சாக மாற்றுமாம். தண்ணீர் வேண்டுமா, பூச்சி விழுந்திருக்கிறதா, எப்போது அறுக்கலாம், எப்போது மடக்கி உழலாம், எல்லாவற்றையும் பயிரே சொல்லிவிடும்.

"எந்தப் பாஷையில பேசும்?" என்றான் காசி.

"மொதல் வாரம் வரப்புல யார் பேசிக்கிட்டிருக்காங்களோ, அவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டு அவங்க பாஷையில பேசும்."

நான் என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அது அப்படி மலர்ந்ததில்லை.

"பேசுறது செடியா, இல்ல அந்தக் கிருமியா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க பாண்டீஸ்வரியம்மா. அதுலதான் எங்களுக்குள்ளயே சண்டை. பாதிப் பேர் செடிங்கிறோம், பாதிப் பேர் கிருமிங்கிறாங்க. நான் செடி கட்சி."

எங்களுக்கு அந்த விதை தேவைப்பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் செவக்காட்டில் வருஷக்கணக்காக உப்பு உரத்தைக் கொட்டிக் கொட்டி மண் செத்துப் போயிருந்தது. உழுதால் பாளம் பாளமாகப் பெயர்ந்ததே தவிர ஒரு மண்புழு கண்ணில் படவில்லை. வீட்டில் கொம்பி சினையாக இருந்தாள். கொம்பி எங்கள் பசு. வைக்கோல் படப்பு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அவள் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். தட்டைப்பயறு என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாதிப் பூ பூத்ததும் மேலே உள்ள தழையை அறுத்துக் கொம்பிக்குப் போடலாம். கீழே நிற்கிற தட்டையையும் வேரையும் மடக்கி உழுதால் மண்ணுக்கு உயிர் வரும். பூ முற்றிக் காயானால் போச்சு. தண்டு நாராகிவிடும், மாடு மூக்கைத் திருப்பிக்கொள்ளும். வேரில் இருக்கிற சத்தும் விதைக்கு ஏறிவிடும், மண்ணுக்கு மிஞ்சாது.

கோடை மழைக்கு விதைத்தோம். முளைத்தது. பேசியது.

ஊரில் வேறு சிலரும் விதைத்திருந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு வாய். மைக்செட் பால்ச்சாமியின் வயல் காலையில் எழுந்ததும், "ஹலோ... ஹலோ... ஒன் டூ த்ரீ" என்று தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். கல்யாணச் சமையல்காரர் தங்கவேலுவின் வயல் பக்கம் யார் போனாலும், "இலை போட்டாச்சு, உக்காருங்க" என்று உபசரிக்கும். எங்கள் வயல் இருக்கிறதே, அது என் புருஷனை அப்படியே உரித்து வைத்திருந்தது. நிறுத்தாமல் பேசியது. அதைவிட அதிசயம், நிறுத்தாமல் கேட்டது. "அப்புறம்?", "மேல சொல்லுய்யா" என்று அது கேட்பதை நானே காதால் கேட்டேன். இருபது வருஷமாக அந்த மனுஷனிடம் யாரும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை.

பூ விட்டது. பாதிப் பூவும் வந்துவிட்டது.

"அறுக்கலாமான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டுவிட்டு வந்தார். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்ங்குது."

இரண்டு நாள் போனது. மறுபடியும், "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்." மறுபடியும் அதே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த வார்த்தை வயலுடையது இல்லை. கூரை ஒழுகுது என்றால் இன்னும் ரெண்டு நாள் போகட்டும், மோட்டார் ரிப்பேர் என்றால் இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை. போயும் போயும் ஒரு பயிருக்குப் பாடம் எடுக்க வந்த வாத்தியார்!

"அது வேண்டாங்குதுடி ஈஸ்வரி. அரிவாளைக் கண்டு பயப்படுது" என்றார்.

"வேண்டாம்னு எப்பச் சொல்லுச்சு?"

"மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல அதுக்கு வராது. நாகரிகம் தெரிஞ்ச பயிரு."

"நாகரிகத்தை அள்ளிக் கொம்பிக்குப் போடவா?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பாவம், அவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊர்லயும் எந்த வயலும் அறுங்கன்னு சொல்ல மாட்டேங்குதும்மா. பண்ணையில தொட்டியில வளர்த்தப்ப ஒழுங்காச் சொல்லுச்சு. அங்க யாரும் அதுகூடப் பேசல. இங்க வந்து மனுஷங்களோட பழகிக் கெட்டுப்போச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்களே அறுத்துடுங்க. அதுக்கு வலிக்கும்னு நான் நினைக்கல" என்றார்.

"நினைக்கலன்னா, தெரியாதுங்கிறீங்க."

"தெரியாதும்மா. நெசமாத் தெரியாது."

காசியைக் கூப்பிட்டேன். வந்தான், மிஷின் இல்லாமல். கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து தொங்கியது.

"மதினி, தப்பா நினைக்காதீங்க. பக்கத்தூர்ல இதே மாதிரி பேசுற ஒரு சணப்பை வயலுக்குள்ள மிஷினை விட்டேன். 'யாத்தே!'ன்னு ஒரு சத்தம். ஒரு ஆள் கத்துற மாதிரி இல்ல, ஒரு ஏக்கரும் சேர்ந்து கத்துது. மிஷினை அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன். இன்னும் சோறு இறங்கல."

"அந்தக் காட்டுக்காரி எடுத்ததுக்கெல்லாம் யாத்தேம்பா. அதைக் கேட்டுப் பழகியிருக்கும்."

"இருக்கலாம். ஆனா நம்ம சாமிக்கு நேந்துவிட்ட கிடாய்கிட்டயே உத்தரவு கேக்குறோம்ல? மஞ்சத் தண்ணி தெளிச்சு, அது உடம்பைச் சிலுப்புனாத்தானே வெட்டுறோம்? வாயில்லாத ஜீவனுக்கே அப்படின்னா வாயுள்ளதுக்கு எப்படி? வயல் சிலுப்பட்டும், மிஷினை விடுறேன்."

சரிதான் போ என்று நானே அரிவாளைத் தீட்டிக்கொண்டு போனேன். என் புருஷன் மோட்டார் பார்க்கப் போயிருந்த நேரம். முதல் கைப்பிடித் தழையை வளைத்துப் பிடித்திருப்பேன், குச்சியிலிருந்து குரல் வந்தது.

"யாரு, ஈஸ்வரியா? வா வா. முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?"

நான் அப்படியே நின்றேன்.

"அந்தாளு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மழைக்காலம் வந்தா உனக்கு வலது கால் குடையுமாம்ல. தைலம் தேச்சுவிடவான்னா வேண்டாம்னுருவியாம். சாப்பிட்டியா?"

அரிவாளைப் பிடித்திருந்த கை தானாகத் தாழ்ந்தது. கோபமாக வந்தது, வெட்கமாகவும் வந்தது. இந்த மனுஷன் நாள் பூராவும் வரப்பில் உட்கார்ந்து என்னைப் பற்றியா பேசிக்கொண்டிருந்தார்? பதில் சொல்லாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பவளின் கழுத்தில் எப்படி அரிவாளை வைப்பது?

அதற்குள் படப்பு தீர்ந்துவிட்டது. மாட்டுத் தரகர் வந்து கொம்பியின் முதுகைத் தட்டிப் பார்த்தார். எலும்பும் தோலுமாக நிற்கிற சினைமாட்டை வளர்ப்பவர்கள் வாங்க மாட்டார்கள், அடிமாட்டு லாரிக்குத்தான் போகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. வருகிற சந்தைக்கு ஓட்டி வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

"நல்லாக் கேட்டுக்கங்க" என்றேன் புருஷனிடம். "ஒண்ணு வயலு, இல்ல கொம்பி. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

கண் கலங்கி எழுந்து போய்விட்டார். எங்கே போனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் ஊரே எங்கள் வரப்பில் கூடிவிட்டது. காசி குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தான். பேச்சுக் குச்சிக்கு மாலை போட்டார்கள். வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை வயல் முழுக்கத் தெளித்தார்கள். மைக்செட் பால்ச்சாமி பயபக்தியாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"தாயி, உத்தரவு கொடு" என்று கையெடுத்துக் கும்பிட்டான் காசி. "உடம்பைச் சிலுப்பிக் காட்டு."

ஒரு இலைகூட அசையவில்லை. பாழாய்ப்போன காற்றும் அன்றைக்கென்று அடங்கிக் கிடந்தது.

"யாரு, காசியா?" என்றது வயல். "தண்ணி நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் தெளி. அது கெடக்கட்டும், கல்யாணம் எப்பப்பா? அந்த ஆவியூர்ப் பொண்ணு வீட்டுல போய் நின்னியே, என்ன சொன்னாங்க?"

காசியின் முகம் செத்துப் போயிற்று. கூட்டத்தில் கெக்கே பிக்கே என்று சிரிப்பு.

"அங்க சிரிக்கிறது பால்ச்சாமிதானே? நீ தலைக்குச் சாயம் பூசுறது மச்சான்மாருக்குத் தெரியாதாம்ல?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் என் புருஷனைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். வயலிடம் அவர் எதைத்தான் சொல்லவில்லை! அடுத்து யார் பேர் வரப்போகிறதோ என்ற பயத்தில், அடுப்பில் பால் இருக்கிறது, வீட்டில் ஆளில்லை என்று ஒவ்வொருவராக நழுவினார்கள். மஞ்சள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் காசி போன வேகம் டிராக்டரில்கூட வராது.

கிடாய் சிலுப்பாவிட்டால் காதில் தண்ணீர் ஊற்றிச் சிலுப்ப வைப்பார்கள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் அது. வயலுக்குக் காது எங்கே இருக்கிறது என்று நான் தேடாத குறைதான்.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டகைக்குப் போனேன். கூட்டிப் பெருக்கிக் கடைசிப் பிடி வைக்கோலைக் கொம்பிக்குப் போட்டேன். அதைத் தின்றுவிட்டு என் கையை நக்கினாள், இன்னும் இருக்கிறதா என்று. எனக்குத் தாங்கவில்லை. கயிற்றை அவிழ்த்தேன். சந்தைக்குப் போவதற்கு முன் அந்த மகராசிக்கு இவள் முகத்தைக் காட்டிவிட்டே போகலாம் என்று வயலுக்கு இழுத்துப் போனேன்.

என் புருஷன் வரப்பில் குந்தியிருந்தார். கொம்பியைக் கண்டதும் பதறி எழுந்தார். "ஏய், ஏய், கடிச்சிருவாடி! அங்கிட்டுப் பிடி!" இத்தனை நாளும் அவளை அந்தப் பக்கமே அவர் அண்ட விடவில்லை.

"சும்மா இருங்க" என்றேன். குச்சிக்கு நேராகப் போய் நின்றேன். முதல் தடவையாக அதோடு பேசினேன். பேசினேன் என்ன, பொரிந்து தள்ளினேன்.

"இந்தாத்தா, உன்னைத்தான். என் புருஷன்கிட்டப் பேசு, வேண்டாங்கல. எங்கிட்டச் சொல்லாததையெல்லாம் உங்கிட்டச் சொல்றாரு, அதையும் பொறுத்துக்கிட்டேன். ஆனா உன்னை விதைச்சது கதை பேசவா? இவ வயித்துல ஒரு உசுரு இருக்கு. நாளைக்கு இவளை லாரில ஏத்தப்போறேன். உனக்கு ரெண்டு நாள் வேணும், ரெண்டு நாள் வேணும்னா, இவளுக்கு எங்க இருக்கு ரெண்டு நாளு?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன், கயிறு நழுவியது. கொம்பி கழுத்தை நீட்டி, வரப்போரத்துச் செடியில் ஒரு வாய் இழுத்துவிட்டாள்.

என் புருஷன் காதைப் பொத்திக்கொண்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு ஏக்கர் அலறலுக்காகக் காத்திருந்தோம்.

சத்தமே இல்லை. கொம்பி மெல்லுகிற ஓசை மட்டும் கேட்டது.

பிறகு வயல் மெதுவாகக் கேட்டது. "இது யாரு?"

"கொம்பி" என்றேன்.

"இதுதான் கொம்பியா? பேரைச் சொல்லியிருக்காரு. இப்படி இருப்பான்னு சொல்லவே இல்லையே. எச்சி சூடா இருக்கு. இன்னொரு வாய் எடுக்கச் சொல்லு."

கொம்பிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமா, இதுதான்" என்றது வயல். "எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்னு எனக்கே தெரியல. யாரோ வரணும், வரணும்னு இருந்துச்சு. அதான் ரெண்டு நாள் போகட்டும், வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஏன்யா, இத்தனை நாளா இவளை ஏன் கூட்டிட்டு வரல?"

என் புருஷன் திக்கினார். "உனக்கு வலிக்கும்னு..."

"அரிவாளைத் தெரியல. அது எடுத்துக்கிட்டுப் போயிரும், எங்க போகும்னு சொல்லாது. இவ எடுத்துட்டுத் திருப்பிக் கொடுப்பா."

கொம்பி அந்த நேரம் பார்த்து வாலைத் தூக்கிச் சொத்தென்று சாணி போட்டாள். அப்போதுதான் அது நடந்தது. காற்று இல்லை. எங்கள் காலடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், வயல் முழுக்க இலைகள் ஒரே வீச்சில் சிலிர்த்து அடங்கின.

"சிலுப்பிருச்சு!" என்று கத்தினார் என் புருஷன். "ஈஸ்வரி, சிலுப்பிருச்சுடி!" மனுஷன் அழுதுகொண்டே கொம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன், ஆனால் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடிதான். பசித்த மாடு பச்சைப் பயறை வயிறு முட்டத் தின்றால் வயிறு உப்பிச் சாய்ந்துவிடும். சாமியே உத்தரவு கொடுத்தாலும் அளவு அளவுதான்.

தரகரிடம் சந்தைக்கு மாடு வராது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளிலிருந்து கொம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேயவிட்டோம். அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் முறை வைத்தோம். வைக்கோலுக்கு அவர்கள் பொறுப்பு, பச்சைக்கு நாங்கள். பால்ச்சாமியின் வயலும் தங்கவேலுவின் வயலும்கூட மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தியதும் சிலுப்பிக் கொடுத்துவிட்டன. டாக்டரம்மாவுக்குச் சொன்னபோது போனிலேயே குதித்தார். "மிஷினுக்கு மட்டும்தான் பழக்கப்படுத்தப் பார்த்தோம், மாட்டை யாருமே யோசிக்கலையே!" என்றார்.

மேய்ந்து முடித்து வெறும் தட்டை நின்றபோது காசி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு டிராக்டரோடு வந்தான். என் புருஷன் குச்சிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் ரெண்டு நாள் போகட்டுமா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"போதும்யா, உழு" என்றது வயல். "காசி, பார்த்து ஓட்டுப்பா. பொண்ணு பார்க்கப் போற அவசரத்துல வரப்பை உடைச்சிறாத."

அதுதான் அது கடைசியாகப் பேசியது. செடி மண்ணுக்குள் போனதும் குச்சி ஊமையாகிவிட்டது. செடி போனால் பேச்சும் போய்விடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

பிறகு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். என் புருஷன் பேச்சை நிறுத்திவிட்டார். சோறு போட்டால் சாப்பிட்டார். வேலையைச் செய்தார். கூரையைக்கூட நான் சொல்லாமலே மாற்றினார். டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால், "என்ன மாமா, உடம்புக்குச் சரியில்லையா?" என்று நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்து விசாரித்தார்கள். மகள் தானாகப் போன் செய்து, "அப்பா, ஏதாவது பேசுங்கப்பா" என்றாள். "நல்லா இருக்கேன்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார். இந்த வாய் ஒரு நாளாவது மூடாதா என்று நான் வேண்டாத சாமியில்லை. அது மூடியபோது வீடு எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகைக்குப் போனாலும் நிற்க முடியவில்லை. நான் யாரிடமிருந்து தப்பித்து அங்கே போவது?

புரட்டாசியில் கொம்பி கிடேரிக் கன்று போட்டாள். நல்ல கொழுகொழு கன்று. அதற்கும் அவர் லேசாகச் சிரித்ததோடு சரி. அந்த வாரமே மழையும் இறங்கியது.

மழை விட்ட மறுநாள் சாயங்காலம், கம்பு விதைக்க ஈரம் போதுமா என்று பார்க்க நான்தான் போனேன். அவர் அந்தப் பக்கமே போவதை விட்டுவிட்டார். மண் பொலபொலவென்று கறுத்துக் கிடந்தது. கையால் அள்ளினால் மண்புழு நெளிந்தது. ஒரு செடி இல்லாத அந்த வெற்றுக் காட்டின் நடுவில் பேச்சுக் குச்சி மட்டும், காய்ந்த மாலையோடு நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்க அவர் விடவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நீ பாட்டுக்குப் போய்ட்ட" என்றேன் குச்சியிடம். "இங்க அந்த மனுஷன் பிடிச்சுவச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்காரு. நான் கூப்பிட்டாலும் பேச மாட்டேங்கிறாரு. நான் என்ன செய்யட்டும்?"

ஈர மண்ணில் ஏதோ கரகரத்தது. ஸ்பீக்கர் ஒரு தடவை இருமியது.

"எங்கிட்டுப் போனேன்? இங்ஙனதானே கெடக்கேன்" என்றது குரல். "தண்ணியில்லாம நாக்கு ஒட்டிக்கிச்சு. அது சரி, கொம்பி என்ன கன்னு போட்டா?"

நான் பொத்தென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு செடி இல்லை. ஒரு இலை இல்லை. டாக்டரம்மாவின் கட்சி தோற்றுப்போயிருந்தது. பேசியது பயிரே இல்லை, மண்ணுக்குள் கிடந்த கிருமி. பயிர் அதற்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். அத்தனை நாளும் என் புருஷன் கதை சொல்லிக்கொண்டிருந்தது மண்ணிடம்.

"கிடேரி" என்றேன். "நெத்தியில வெள்ளை விழுந்திருக்கு."

"நல்லது. அந்த வாயாடி மனுஷன் எங்க? ஆளையே காணோம்?"

எழுந்து ஓடிப்போய் அவரைக் கூட்டி வரத்தான் கால் பரபரத்தது. ஓடியிருக்கலாம். ஆனால் எழுந்திருக்கவில்லை. "வருவாரு, வருவாரு" என்றேன். "அதுக்கு முன்னாடி எனக்கு உங்கிட்டக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு."

"சொல்லு."

கல்யாணத்தன்று பந்தியில் ரசம் தீர்ந்துபோனதில் ஆரம்பித்தேன். அப்பளத்துக்குச் சண்டை போட்ட பெரியம்மா, திருப்பூருக்குப் போன மகள், முழங்கால் வலி, தைலம் தேய்த்துவிடவா என்று அவர் கேட்டபோது நான் ஏன் வேண்டாம் என்றேன், எல்லாம் வந்தது. எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் மண், "அப்புறம்?" என்றது. இப்போது அது பேசுகிற பேச்சும் அவர் பேச்சாக இல்லை. வெடுக் வெடுக்கென்று, கொஞ்சம் என்னைப் போலவே இருந்தது. அன்றைக்கு நான் பொரிந்து தள்ளியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது போலும்.

இருட்டுக்கட்டுகிற நேரத்தில் வரப்பில் யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. என் புருஷன்தான். வீட்டில் என்னைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். வயலை உழுத பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது.

"ஏய் ஈஸ்வரி, தனியா உக்காந்து யார்கூடடி பேசிக்கிட்டிருக்க?"

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றோம், நானும் மண்ணும்.